மரகதம் அக்கா வரைந்த மலைப்பாதை

மரகதம் அக்கா இறந்துவிட்டார். ஐப்பசி அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏலக்காய் உலர்த்தும் தன்னுடைய ஸ்டோரின் வாசலில், நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

எனக்குச் செய்தி சொன்னவர் அவருடைய தம்பி தவசி. போடியில் ஏலக்காய் சேர்த்துவைக்கும் என் கிட்டங்கியில் பெண்கள் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கைப்பிடி காயை அள்ளி வெளிச்சத்தில் நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் அக்காவின் பெயர் வந்தது. எடுத்தால் ஆண் குரல்.

"பாய், நான் தவசி பேசுறேன். அக்கா போயிருச்சு. மழை விடாது போல, மத்தியானத்துக்குள்ள அடக்கம் பண்ணிருவோம். மேல வந்துருவீங்கள்ல?"

"வந்துர்றேன் தவசி" என்றேன். சொல்லிவிட்டுக் கையில் இருந்த காயை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றேன். அக்கா இல்லை என்பது அப்போது மனதில் ஏறவே இல்லை. மேலே போக வேண்டும் என்பதுதான் ஏறியது. மலை ஏறுவதென்றால் எனக்குப் பயம்.

அஞ்சலி எழுதச் சொன்னால் தன் பயத்தைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். அக்காவுக்கும் எனக்கும் பழக்கம் உண்டானதே அந்தப் பயத்தால்தான்.

மலைக்காயை வாங்கி விற்கிறவன் மலை ஏறுவதில்லை என்பது போடி மார்க்கெட்டில் என்னைப் பற்றி உள்ள கேலி. வாலிபத்தில் சாம்பிள் பையைத் தோளில் மாட்டி, ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி எஸ்டேட் எஸ்டேட்டாக ஏறி இறங்கியவன்தான் நான். ஒரு நாள் எங்களுக்கு முன்னால் போன ஜீப் பனிக்குள் நுழைந்தது. அதன் சத்தம் மட்டும்தான் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு நான் மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்டைத் தாண்டியதில்லை. போனையும் ஆட்களையும் சாம்பிள் பாக்கெட்டையும் வைத்தே தொழிலை நிமிர்த்திக்கொண்டேன்.

அக்காவுக்கு மேலே சொந்தமாகக் கொஞ்சம் ஏலத்தோட்டமும், காய் உலர்த்துகிற ஸ்டோர் ஒன்றும் இருந்தன. அவர் காய்க்குத் தனிப் பேர் உண்டு. பச்சை நிறம் போகாமல் உலர்த்துவார். அதை வாங்கிப் போடலாமே என்று ஒரு சாயங்காலம் போன் போட்டேன்.

"ஹலோ, நான் போடியில இருந்து..."

"ஒரு நிமிசம் லைன்ல இருங்க. இங்க மூணு பேரு பாலத்துல தொங்கிக்கிட்டிருக்காங்க."

பின்னால் ஒரு பெண்ணின் குரல்: "அக்கா, கை வழுக்குது!" அக்கா அவசரமே இல்லாமல், "கயித்தை விடாத, கீழ பாக்காத" என்கிறார். ஏதோ உருண்டு விழுகிற சத்தம். பிறகு, "போச்சு. ஒருத்தரு போயிட்டாரு."

லைனை வெட்டிவிட்டு போடிமெட்டில் டீக்கடை வைத்திருக்கும் தெரிந்தவருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் பாவம், கயிறும் டார்ச்சுமாக ஆட்களைத் திரட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடியிருக்கிறார். போய்ப் பார்த்தால் அக்கா லேப்டாப் முன்னால், காதில் ஹெட்போனுடன், பால் விடாத கட்டஞ்சாயா குடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். "என்ன பாய், கயிறெல்லாம் குடுத்து விட்டிருக்கீங்க? என் காயை வாங்க இம்புட்டுப் பாடா?"

"தொங்குனது யாருக்கா?"

"எல்லாம் கற்பனை ஆளுக. ஒருத்தன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், ஒருத்தி சிங்கப்பூர்ல இருக்கா. சோபாவுல உக்காந்துக்கிட்டே தொங்குறாங்க."

"அப்ப செத்துப்போனது?"

"அவன் புரோட்டா வாங்கப் போயிருக்கான்."

நான் சிரிக்கவில்லை. என் மூச்சு வாங்குவது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். "எதுக்குப் பாய் இப்படிப் பதறுறீங்க?" என்றார். பனிக்குள் போன ஜீப்பைப் பற்றிச் சொன்னேன். வீட்டில்கூட அதை நான் முழுதாகச் சொன்னதில்லை; முன்பின் பார்க்காத ஒரு பெண்ணிடம் போனில் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் நாங்க பேசுறதை வந்து கேளுங்க. நீங்க பேச வேணாம்" என்றார்.

காயை மட்டும் கடைசி வரை எனக்குத் தரவில்லை. "காயும் கதையும் ஒரே ஆளோட வச்சுக்கிட்டா ரெண்டுலயும் சண்டை வரும் பாய்" என்று வேறு வியாபாரிக்கே போட்டார். நானும் விட்டுவிட்டேன்.

அக்காவின் சொந்தபந்தங்களும் இதை வாசிப்பார்கள் என்பதால், இது என்ன ஆட்டம் என்று சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு ஊரில் இருக்கும் நாலைந்து பேர் இணையத்தில் ஒரே அழைப்பில் சேர்வார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். "மழை பெய்யுது, பாலத்துல நிக்கிறீங்க, பலகை ஆடுது, என்ன பண்ணுவீங்க?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, தான் என்ன செய்கிறேன் என்று வாயால் சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். இதில் ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. சேர்ந்து பயப்படுவதும் தப்பிப்பதும்தான் ஆட்டம்.

நடத்துகிறவருக்குத்தான் சோலி அதிகம். இடம், ஆட்கள், ஆபத்து, வரைபடம் எல்லாம் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். நாள் முழுக்கக் காய்க்கும் கணக்குக்கும் நடுவே நிற்கிற என்னைப் போன்றவனால் அது முடியாது. கற்பனை என்கிற சரக்கும் என்னிடம் கிடையாது. அதனால் ஒருவர் யோசித்து எழுதியதை மற்றவர்களுக்கு அப்படியே கொடுக்கிற வழக்கம் வந்தது. அதைத்தான் நாங்கள் ரெடிமேட் சாகசம் என்போம். 'கும்மிருட்டு' என்று நாங்கள் பேர் வைத்துக்கொண்ட எங்கள் குழுவில், தமிழில் ஆட்டம் நடத்துகிறவர்கள் நடத்தியதில் பெரும்பங்கு அக்கா எழுதிக் கொடுத்தது.

ரெடிமேட் எடுத்து நடத்துவதை இளப்பமாகப் பேசுகிறவர்களும் உண்டு. சொந்தமாக யோசிக்கத் தெரியாதவர்கள் என்பார்கள். அப்படி ஒருவர் குழுவில் எழுதியபோது அக்கா குரல் செய்தி போட்டார்: "ரெடிமேட் சட்டைன்னாலும் பொத்தானை நீங்கதானய்யா மாட்டணும்? அதை ஒழுங்கா மாட்டுனாப் போதும்." அந்த ஆள் பிறகு வாய் திறக்கவில்லை. அடுத்த மாதமே அக்காவிடம் ஒன்று கேட்டு வாங்கினார் என்பது வேறு விஷயம்.

அக்கா எதையும் சும்மா கொடுக்கவில்லை. காசு வாங்கவும் இல்லை. அவருக்கு ஒரே விலைதான்: ஆட்டம் முடிந்ததும், உங்கள் ஆட்கள் எந்த இடத்தில் பயந்தார்கள், பயந்தபோது என்ன செய்தார்கள் என்று அவருக்கு எழுத வேண்டும். எழுதாதவருக்கு அடுத்தது கிடையாது. நான் முதல் தடவை, "நன்றாகப் போனது, எல்லோருக்கும் பிடித்தது" என்று எழுதினேன். உடனே போன். "பாய், காயை வாங்கிட்டு 'நல்லாருக்கு'ன்னு மட்டும் சொல்லிட்டுப் போறவனை என்ன செய்வீங்க?" நான் உட்கார்ந்து விவரமாக எழுதி அனுப்பினேன்.

ஒருமுறை எவனோ அக்காவின் சாகசத்தை எடுத்துத் தன் பெயரைப் போட்டு வேறொரு குழுவில் சுற்றுக்கு விட்டுவிட்டான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வியாபாரத்தில் அடுத்தவன் சாக்கில் தன் முத்திரை குத்துகிறவனை நான் விட்டதில்லை. "ஆளைப் பிடிச்சு நாலு கேள்வி கேக்குறேன்க்கா" என்றேன். "நீங்க சும்மா இருங்க, நானே கேக்குறேன்" என்றார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, உங்க ஆளுக எங்க பயந்தாங்க?" அவன் வெட்கப்பட்டுப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினான். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு இன்னும் போதவில்லை. அதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அவர் எழுதியதில் எல்லோரும் விரும்பி எடுத்தது 'கடைசி ஜீப்பு'. மேலே ஒரு ஸ்டோரில் பெண்ணொருத்தி பிரசவ வலியில் கிடக்கிறாள். இருட்டுவதற்குள் மருந்தோடு ஜீப்பில் போய்ச் சேர வேண்டும். வழியெல்லாம் பனி. ஒரு வளைவில் நாம் ஹாரன் அடித்தால் பனிக்குள்ளிருந்து பதில் ஹாரன் கேட்கும், ஆனால் வண்டி எதுவும் வராது; நாம் திரும்ப ஹாரன் அடிக்கக் கூடாது. அதற்கு மேல் ஒரு பிரிவு. இடப்பக்கம் போனால் ஸ்டோர், வலப்பக்கம் போனால் பாதாளம். அதற்கு அக்கா தன் கையாலேயே படம் வரைந்திருந்தார். அவர் குடியிருந்த மலைதான் அது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

என் பயத்தைக் கேட்டு வைத்துத்தான் அதை எழுதினார். எழுதி முடித்து முதலில் எனக்குத்தான் அனுப்பினார். "நடத்திப் பாருங்க பாய். உங்க ஜீப்பு இனிமே எல்லாரு கையிலயும் இருக்கும். உங்க ஒருத்தருகிட்ட மட்டும் இருக்காது." நான் அதைத் திரும்பத் திரும்ப நடத்தினேன். என்னிடம் ஆடியவர்கள் அலறினார்கள். நான் அலறவில்லை.

அவருடைய சாகசங்கள் எல்லாவற்றிலும் ஒரு விதி உண்டு. ஆடுகிறவர்களில் யாருக்காவது நிஜமாகவே பயம் வந்துவிட்டால், "எனக்குப் பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும். மற்றவர்கள் ஒவ்வொருவராக "நான் இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் சொன்ன பிறகுதான் அடுத்த அடி. "சொல்லாத பயத்துக்கு என்கிட்ட பகடை இல்ல பாய்" என்பார். நடத்துகிறவனுக்கு அந்த விதி எதற்கு என்று நான் ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அக்கா அதற்கும் குத்துவார். "அதுக்குத்தான் எப்பப் பார்த்தாலும் நடத்துறேன் நடத்துறேன்னு நிக்கிறீங்க. ஒரு நாளாச்சும் இந்தப் பக்கம் உக்காருங்க."

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

தவசியின் போனுக்குப் பிறகு குழுவில் செய்தி போட்டேன். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் கிளம்பி வந்தார்கள். ஒருவர் சுருளி, கம்பத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். இன்னொருவர் பிரின்சி, தேனியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் பெண். இருவரும் என்னைப் போலவே ஆட்டம் நடத்துகிறவர்கள். குரலாகத்தான் பழக்கம்; நேரில் பார்த்தது அன்றுதான். சுருளியின் குரலை வைத்து மலை மாதிரி ஆளை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் ஒல்லிக்குச்சி. "நீங்கதானா பாய்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எஸ்டேட் பாதைக்கு ஜீப்தான் ஆகும். தெரிந்தவர் மூலம் தேவாரம் ஊர்க்காரர் முருகேசன் வண்டியோடு வந்தார். "போடிமெட்டு வரைக்கும் எனக்குத் தண்ணி பட்ட பாடு. உள்ள எஸ்டேட்டுக்கு நீங்கதான் வழி சொல்லணும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நான் பின் சீட்டில், நடுவில், வெளியே எதுவும் தெரியாத மாதிரி உட்கார்ந்தேன்.

"பெரியவங்க முன்னாடி வாங்க பாய்" என்றார் முருகேசன்.

"இல்ல தம்பி, பின்னாடியே இருக்கேன். முதுகுக்கு அதுதான் தோது."

முதுகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முந்தலைத் தாண்டியதும் என் உடம்பு நான் சொன்னபடி கேட்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒடிந்து திரும்பும்போது முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். ஜீப்பின் தகரத் தரையையே பார்த்துக்கொண்டு, தெரிந்த துஆவையெல்லாம் உதட்டுக்குள் ஓதினேன். பாதி மலையில் பனி வந்து கண்ணாடியில் ஒட்டியது. முருகேசன் வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்தார்.

பனிக்குள்ளிருந்து பதில் ஹாரன் வந்தது.

வண்டி எதுவும் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சுருளி, ஆட்டம் நடத்துகிற அந்தக் கட்டைக் குரலில், "திரும்பி அடிக்கக் கூடாது" என்றார்.

"அண்ணே, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றாள் பிரின்சி.

"என்ன, மூணு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்று முருகேசன் திரும்பிப் பார்த்தார்.

"ரோட்டைப் பாரு தம்பி!" என்று நான் கத்திவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, தலையில் பிளாஸ்டிக் காகிதம் போர்த்திய தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் மெதுவாக இறங்கி வந்தது. அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா அந்த வளைவை எங்கிருந்து எடுத்தார் என்பது மட்டும் தெரிந்தது.

மெட்டைத் தாண்டி எஸ்டேட் பாதைக்குள் நுழைந்ததும் பனி கெட்டியாகிவிட்டது. முன்சக்கரத்துக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. போனில் சிக்னலும் போய்விட்டது. கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. முருகேசன் நிறுத்தினார்.

"எந்தப் பக்கம்?"

"இடது" என்றார் சுருளி. "இடதுதான்" என்றாள் பிரின்சி. "இடப்பக்கம் போ தம்பி" என்றேன் நான்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. எங்களில் ஒருவரும் அக்கா வீட்டுக்குப் போனதில்லை என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவே இல்லை. சுருளிக்கும் பிரின்சிக்கும் அது புது இடம், அவர்களை விடுங்கள். நான் வாலிபத்தில் அந்தப் பிரிவில் நின்று பீடி குடித்தவன். ஆனால் 'கடைசி ஜீப்பு' நடத்தி நடத்தி, அக்கா வரைந்த பாதை என் மனதில் ஏறி உட்கார்ந்து, நான் கால் வைத்த பாதையை இறக்கிவிட்டிருந்தது. ஆட்டம் நடத்துகிறவர்கள் மட்டுமே ஏறிய வண்டி அது. வழி சொல்ல எல்லோரும் தயார். சந்தேகப்பட ஒருவரும் இல்லை.

ஜீப் இடப்பக்கம் திரும்பியது. பாதை குறுகியது. இரண்டு பக்கமும் ஏலச்செடி வந்து தகரத்தில் உரசியது. பிறகு ஒரு பக்கத்து உரசல் நின்றுபோனது. அந்தப் பக்கம் செடி இல்லை என்று என் காது சொன்னது. செடி இல்லையென்றால் மண் இருக்கிறதா? கேட்க வேண்டும் போல் இருந்தது. கேட்கவில்லை. போடியில் பெரிய வியாபாரி, தாடி நரைத்தவன், சின்னவர்கள் முன்னால் எப்படிக் கேட்பது? முன்னால் போன அந்தப் பழைய ஜீப்பின் பின்விளக்கு பனிக்குள் மங்கியது என் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. அடுத்து அந்தச் சத்தம் கேட்கப்போகிறது என்று காத்திருந்தேன்.

அப்போது அக்கா போனில் பேசுவது போலவே ஞாபகம் வந்தது. சொல்லாத பயத்துக்கு என்கிட்ட பகடை இல்ல பாய்.

"தம்பி, நிறுத்து" என்றேன். "எனக்குப் பயமா இருக்கு."

முருகேசன் பிரேக்கை அழுத்தினார். வண்டி வழுக்கி நின்றது.

"நான் இருக்கேன் பாய்" என்றார் சுருளி.

"நானும் இருக்கேன்" என்றாள் பிரின்சி. அவள் என் முழங்கையைப் பிடித்திருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. அப்பவே சொல்லணும்னு நெனச்சேன்."

முருகேசன் எங்களைப் பார்த்தார். "நானும் இருக்கேன். இந்தப் பனியில எங்க போவேன்? என்னங்க இது, எதும் சடங்கா?" என்றவர், கால் நீட்டலாம் என்று இறங்கினார். முன்னால் கொஞ்சம் நடந்தார். பனி அவரை மறைத்தது. உடனே திரும்பி வந்தார். கேலி முகத்தில் இல்லை.

"பாய், ரோட்டைக் காணோம்."

மழையில் மண் சரிந்து பாதையே கீழே போயிருந்தது. கீழே எவ்வளவு ஆழம் என்று பனி காட்டவில்லை. காட்டாததற்கு நான் நன்றி சொன்னேன்.

அங்கிருந்து பின்னோக்கியே வண்டியை எடுத்ததை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இன்று தூங்க முடியாது. சுருளி செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார், பிரின்சி மலைப்பக்கத்து மண்சுவரைத் தடவிக்கொண்டே "வா, வா, இன்னும் வா" என்றாள், நான் சக்கரத்துக்குக் கல் வைத்தேன் என்பது போதும். பிரிவுக்கு வந்தபோது குடையும் டார்ச்சுமாக ஒருவர் ஓடி வந்தார். எங்கள் ஹாரனைக் கேட்டு வந்த தவசி.

"அந்தப் பக்கம் எதுக்குப் போனீங்க? அது சரிஞ்சு போன பழைய ரோடுல்ல!"

"அக்கா படத்துல இடப்பக்கம்தான் போட்டிருந்துச்சு" என்றார் சுருளி.

தவசி டார்ச்சைத் தாழ்த்தினார். பிறகு மெல்லச் சொன்னார். "அது வேணும்னேதான் இடவலமா மாத்திப் போட்டுச்சு. ஊர்ல உள்ள ஆளுக கைக்கெல்லாம் அந்தப் படம் போவுது. கண்டவனும் நேரா வீட்டுக்கு வந்துறக் கூடாதுல்ல? நாங்க ரெண்டு பேருதான இங்க இருக்கோம்? வர வேண்டியவங்க போன் பண்ணிட்டு வருவாங்கன்னு சொல்லும்."

சாக்கைப் பிரித்துக் கை விட்டுப் பார்க்காமல் நான் ஒரு கிலோ காய் வாங்கியதில்லை. காகிதத்தில் வரைந்த பாதையை மட்டும் பிரித்துப் பார்க்காமலேயே வாங்கி, பலருக்குக் கொடுத்தும் இருக்கிறேன்.

மழை தூறலாக இறங்கிய நேரத்தில் அக்காவை அவருடைய தோட்டத்திலேயே, மரநிழலில் அடக்கம் செய்தோம். அக்கம்பக்கத்துத் தொழிலாளிகள் மலையாளத்தில் அக்காவைச் சேச்சி, சேச்சி என்று கூப்பிட்டு அழுதார்கள். நான் ஒரு பிடி மண் போட்டேன். அவர் முகத்தை நேரில் பார்த்தது அன்றுதான். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட உருவம் சிறியது.

பிறகு ஸ்டோர் வாசலில் உட்கார்ந்தோம். தவசி கட்டஞ்சாயா கொண்டுவந்தார். என்ன நடந்தது என்று பிரின்சிதான் கேட்டாள்.

"இந்தா, இந்த இடத்துலதான் உக்காந்துச்சு. நெஞ்சை அடைக்குதுன்னுச்சு. ஜீப்புக்கு ஆள் விட்டேன், பனியில வெரசா வர முடியல. அக்கா ஆயுசுக்கும் பயமா இருக்குன்னு சொன்னதில்ல, பாத்துக்கங்க. யானை வந்து நின்னப்பக்கூடச் சொன்னதில்ல. இன்னிக்குச் சொல்லுச்சு. 'தவசி, எனக்குப் பயமா இருக்குடா'ன்னுச்சு. எனக்கு என்ன சொல்லத் தெரியும்? 'நான் இருக்கேன்க்கா'ன்னு கையைப் புடிச்சுக்கிட்டேன்."

தவசிக்கு எங்கள் விதி தெரியாது. நாங்கள் மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். நாங்கள் சொன்னதால் வண்டி நின்றது. அவர் சொன்னபிறகும் சாவு நிற்கவில்லை. விதியால் எல்லாமே நடந்துவிடும் என்று அக்காவும் சொன்னதில்லை. தனியாக இருக்க வேண்டாம் என்றுதான் சொன்னார். அது அவருக்குக் கிடைத்தது. அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்கிற தைரியம் அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது. அவருடையதென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அன்றிலிருந்து அதை வீட்டிலும் சொல்கிறேன், கிட்டங்கியிலும் சொல்கிறேன்.

கிளம்பும்போது தவசி லேப்டாப்பைக் கொண்டுவந்து நீட்டினார். "இதுல என்னென்னமோ இருக்கு பாய். எனக்கு ஒண்ணும் புரியாது. நீங்களே எல்லாருக்கும் குடுங்க. ஆனா ஒண்ணு. அக்கா இதையெல்லாம் ஓசியிலயா குடுத்துச்சு?"

"இல்ல தவசி. விலை இருந்துச்சு." என்ன விலை என்று சொன்னேன்.

"அப்ப அந்த விலையைக் கொறைக்காதீங்க. இனிமே அதெல்லாம் யாருக்கு வரும்?"

"எனக்கு."

"வந்ததை நீங்க இங்க வந்து வாசிக்கணும். அக்கா இதைத்தான ஆசையாக் கேக்கும்?"

"போன்ல வாசிச்சுடுறேனே தவசி."

"ஆகாது பாய்."

"போடிக்கு நீங்க வர்றப்ப..."

"ஆகாதுன்னா ஆகாது. அக்கா இங்கதான இருக்கு."

வாழ்நாளெல்லாம் பேரம் பேசிப் பிழைத்தவன் நான். அன்று ஒரு அடி நகர்த்த முடியவில்லை. படத்தைச் சரியாகத் திருத்திவிடலாமே என்றாள் பிரின்சி. தவசி அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கண்டவன் வரக் கூடாது என்று அக்கா நினைத்தது அப்படியே இருக்கட்டும் என்றார். முதல் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை போட்டுக்கொள்ள மட்டும் சம்மதித்தார்.

ஆகவே அவரிடம் வாங்கி ஆட்டம் நடத்தியவர்களும், இனி நடத்தப் போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஏற்பாடு இது. மரகதம் அக்கா எழுதிய எல்லாச் சாகசங்களும் கேட்கிற எவருக்கும் கிடைக்கும். காசு கிடையாது. 'கடைசி ஜீப்பு' படம் திருத்தப்படாது. இந்தப் படத்தை நம்பி வண்டி ஓட்டாதீர்கள் என்று அதன் தலையில் பெரிய எழுத்தில் இருக்கும். விலை பழைய விலையேதான்: உங்கள் ஆட்கள் எங்கே பயந்தார்கள், பயந்தபோது என்ன செய்தார்கள் என்று எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாதவருக்கு அடுத்தது கிடையாது. என் பங்குக்கு, வருஷந்தோறும் காய் எடுப்பு முடிந்ததும் நான் மேலே ஏறிப் போய், வந்ததையெல்லாம் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும். ஜீப்பை முருகேசன் ஓட்டுவார். அதற்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்று. அதற்கும் நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்: நான் முன் சீட்டில்தான் உட்கார வேண்டும்.